பர்மாவின் அடக்குமுறையும் அயலார் படும் பாடும்

ஒரு தேசத்து அரசாங்கம் தன் குடிகளை அடித்தாலும் அணைத்தாலும் அஃது அத்தேசத்தின் உள்விவகாரம், அயலார் அதில் தலையிடுதல் முறையன்று என்பது நம் காலத்து இராஜதந்திரிகள் ஓயாது ஓதிவரும் மந்திரம். 1967-ஆம் ஆண்டு பாங்காக் நகரில் தென்கிழக்காசிய நாடுகளின் சங்கம் தோன்றியது முதல் அச்சங்கத்தார்க்கு இதுவே மூலமந்திரம். 1976-ல் பாலித் தீவில் கையெழுத்தான நட்புறவு உடன்படிக்கையிலும் இதனை எழுதிச் சேர்த்துக் கொண்டனர். எம்மந்திரத்தையும் ஆராயாமல் ஒப்புக்கொள்ளும் வழக்கம் இவ்வேட்டின் வாசகர்களுக்கு இல்லையாதலால், இதனையும் சரித்திரமென்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். நாம் எடுத்துக்கொள்வது பர்மா தேசம். 1989-ல் அங்குள்ள இராணுவத்தார் அதற்கு மியன்மார் என்று பெயர் மாற்றினர். எனினும் தமிழ் மக்கள் வாயில் நூறாண்டுக்கு மேலாக வழங்கிவரும் பெயரையே நாம் இங்குக் கையாளுகிறோம்.

பர்மாவைத் தெரிந்து கொள்ளத் தமிழருக்குத் தனிக் காரணம் உண்டு. 1824 முதல் 1885 வரை மூன்று யுத்தங்களில் ஆங்கிலேயர் அந்நாட்டைச் சிறுகச் சிறுக விழுங்கி, இந்தியாவின் ஒரு மாகாணமாக்கி, 1937 ஏப்ரல் முதல் தேதி வரையில் அவ்வாறே ஆண்டு வந்தனர். சென்னை இராஜதானியிலிருந்து கப்பலேறிய கூலியாள் இரங்கூனில் இறங்கும்போது வேறு தேசத்தில் கால் வைப்பதாக எண்ணியதில்லை. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டில் இருந்த இந்தியர் பத்து லட்சத்துக்கு மேல். இரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் தெலுங்கர். வயலில் அறுவடை செய்தோரில் தமிழர் பலர். அவ்வயலுக்குக் கடன் கொடுத்தவர் செட்டிநாட்டார்.

இக்கடன் விஷயத்தை நம்மவர் எழுதும் சரித்திரங்கள் பெரும்பாலும் மூடி மறைத்தே செல்கின்றன. அவ்வாறு மறைப்பது நேர்மையன்று. கீழ்ப் பர்மாவின் சதுப்பு நிலங்களை உலகத்தின் நெற்களஞ்சியமாக்கியதில் செட்டிநாட்டுப் பணத்துக்குப் பெரும் பங்குண்டு; வெள்ளையர் பாங்கிகள் பர்மியக் குடியானவனை ஏறெடுத்தும் பாராத காலத்தில் அவனுக்குக் கடன் கொடுத்தவர் அவர்களே. ஆனால் 1930-ஐ ஒட்டி உலகெங்கும் விலைகள் சரிந்தபோது நெல்லின் விலையும் பாதிக்குக் கீழே போயிற்று. வட்டி நின்றது, முதல் நின்றது, அடமானங்கள் மூழ்கின. 1930-ல் பதின்மூன்று பெரிய நெல் ஜில்லாக்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1938-ல் அது நூற்றுக்கு இருபத்தைந்து. அந்நிலத்தில் வாழ அவர்கள் விரும்பவில்லை, பணத்தையே விரும்பினர் என்பது மெய்தான். ஆயினும் நிலத்தை இழந்த பர்மியனுக்கு அந்த வேற்றுமை என்ன தெரியும்? பாட்டன் வெட்டித் திருத்திய வயலில் தான் குத்தகையாளாய் நிற்பதும், ஏட்டில் அயலான் பெயர் இருப்பதுமே அவன் கண்டது. 1930-லும் 1938-லும் இரங்கூன் வீதிகளில் இந்தியர் இரத்தம் சிந்தியதற்கு வெறும் இனவெறியைக் காரணமாகச் சொல்லிவிட்டுப் போவது அரைகுறை விளக்கமாகும். வெள்ளையன் ஆண்டான், அவன் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்தான். கைக்கு எட்டியவன் இந்தியன்.

இது பின்னர் வந்த சர்வாதிகாரத்துக்குக் கிடைத்த கச்சாப் பொருள். கச்சாப் பொருள் இருப்பதனாலேயே ஆலை தோன்றிவிடாது. 1948 ஜனவரி 4-ஆம் தேதி சுதந்திரமடைந்த பர்மா பதினான்கு ஆண்டுகள் குறையுடையதாயினும் தேர்தலும் பத்திரிகையும் நீதிமன்றமும் உள்ள நாடாக நடந்தது. நிலங்களைத் தேசவுடைமையாக்கும் சட்டம் 1948-லேயே வந்தது; செட்டிநாட்டாருக்கு அது பேரிடி. எனினும் வழக்காடவும், பத்திரிகையில் முறையிடவும், தூதர் வழியாகப் பேசவும் வழியிருந்தது. 1954 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. இரங்கூனுக்குச் சென்று, பௌத்த மாநாட்டுக்கு வந்திருந்த அம்பேத்கரைச் சந்தித்து, அங்கிருந்தே மலாயாவுக்கு வந்ததை நம் பெரியவர்கள் இன்னும் நினைவு கூர்வர். அந்தப் பர்மா வேறு.

1962 மார்ச்சு 2-ஆம் தேதி தளபதி நெவின் அதிகாரத்தைக் கைப்பற்றினார். அரசியல் சட்டம் போயிற்று, பாராளுமன்றம் போயிற்று. அவ்வாண்டு ஜூலை 7-ஆம் தேதி, விடுதி விதிகளை எதிர்த்து இரங்கூன் சர்வகலாசாலை மாணவர்கள் கூடியபோது இராணுவம் சுட்டது. மாண்டவர் பதினைந்து பதினாறு என்றது சர்க்கார். நூற்றுக்கு மேல் என்றனர் மற்றையோர். மறுநாள் விடியற்காலையில் மாணவர் சங்கக் கட்டிடத்தையே வெடி வைத்துத் தகர்த்தனர். தேசத் தந்தையென அவர்களே போற்றும் ஆங் சான் இளமையில் தலைவராய் விளங்கியது அந்தச் சங்கத்தில்தான்! வாயில்லாத கட்டிடத்தைக் கூடச் சகித்துக் கொள்ள மாட்டாத ஆட்சி, வாயுள்ள மனிதரை எவ்வாறு சகிக்கும்?

பர்மியருக்கு நேர்ந்தது முதலில் வாய்ப்பூட்டு. அதன் பின்னரே அயலாருக்குக் கைப்பூட்டு வந்தது. இந்த வரிசை முக்கியமானது. 1963 பிப்ரவரியில் பாங்கிகள் யாவும் தேசவுடைமையாயின. 1964 மார்ச்சில் இரங்கூன் கடைகளுக்குள் சிப்பாய்கள் நுழைந்து, பெட்டிச் சாவியையும் சரக்கு ஜாபிதாவையும் வாங்கிக்கொண்டு, கதவில் பலகை மாட்டினர். பத்திரிகை உயிரோடிருந்தால் எழுதியிருக்கும். நீதிமன்றம் நிமிர்ந்திருந்தால் தடையுத்தரவு கொடுத்திருக்கும். எதிர்க்கட்சி வெளியிலிருந்தால் கேள்வி கேட்டிருக்கும். மூன்றும் முன்னரே அடக்கப்பட்டுவிட்டன. ஆகவே கடைக்காரன் கதவோரம் நின்று பார்த்துக் கொண்டிருப்பதைத் தவிர வேறு செய்வதற்கில்லை.

இவற்றுள் மிகக் கொடியது 1964 மே 17-ஆம் தேதி வந்த உத்தரவு. ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாவென்று ஒரே நாளில் அறிவித்துவிட்டனர். ஒரு வரம்புக்குட்பட்ட சிறு தொகைக்கே மாற்றுக் கிடைத்தது. பாங்கிகள் சர்க்காரின் கைக்குப் போனபின் பாங்கியை நம்பாமல் பெட்டியில் பணம் வைத்திருந்தவர் யார்? சிறு வியாபாரிகள், வட்டிக்கடைக் கணக்கர்கள், மகள் கலியாணத்துக்குச் சேர்த்த தொழிலாளிகள். இந்த உத்தரவு இந்தியருக்கென்று தனியாகப் போடப்பட்டதன்று. பர்மியரும் சீனரும் அதில் மாண்டனர். ஆயினும் பர்மியனுக்கு ஊர் இருந்தது, வயல் இருந்தது, உறவு இருந்தது. இந்தியனுக்கிருந்தது அந்தப் பெட்டி ஒன்றே. எல்லார்க்கும் பொது என்று சொல்லி இயற்றப்படும் சட்டம் எல்லார் மீதும் ஒரே கனத்தோடு விழுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நாம் அறியோம்.

அந்த உத்தரவு பிறந்த பத்தாம் நாள் நேரு காலமானார். இந்தியாவின் கவனமெல்லாம் டில்லியில் யார் பிரதமராவார் என்பதில் இருந்தது. இந்திய சர்க்காரின் நிலையும் மெலிந்ததாகவே இருந்தது: தொழில்களைத் தேசவுடைமையாக்குவது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை, நஷ்டஈடு மாத்திரம் நியாயமாய்க் கொடுங்கள் என்ற அளவில் பேச்சு நின்றது. தானும் சமதர்மம் பேசும் அரசாங்கம் வேறென்ன சொல்லும் என்பாருமுண்டு. நமது அபிப்பிராயம் அதுவன்று. தேசவுடைமை செய்பவன் குடிகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவனா, துப்பாக்கியைத் தவிர வேறெதற்கும் கணக்குக் காட்டாதவனா என்பதைப் பார்க்காமல், செய்கையின் பெயரை மாத்திரம் பார்த்து நியாயம் சொன்னது டில்லியின் பிழை. உள்விவகாரம் என்ற மந்திரத்தை அன்று உச்சரித்தவர் இந்தியர். அதற்கான விலையைக் கொடுத்தவரும் இந்தியர்.

மூன்று லட்சம் பேரளவில் அடுத்த சில ஆண்டுகளில் பர்மாவை விட்டு வெளியேறினர். இரங்கூனிலிருந்து கப்பல்கள் சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் வந்த வண்ணமிருந்தன. பணமும் நகையும் எடுத்துச் செல்லக் கடுமையான தடை. காதுத் தோடும் மூக்குத்தியும் சுங்கத்தார் மேஜையில் கழற்றி வைக்கப்பட்டதை வந்தவர்கள் பலரும் சொல்லியிருக்கின்றனர். தமிழ் நாட்டுக்கு மாத்திரம் அரசாங்கக் கணக்கின்படி வந்து சேர்ந்தோர் 1,44,000-க்கு மேற்பட்டவர். அவர்களில் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். பர்மிய மொழியில் கனவு கண்டவர்கள். பாட்டனின் ஊர்ப் பெயரைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள். தாயகம் திரும்பியோர் என்று சர்க்கார் ஏட்டில் எழுதிக் கொண்டனர். தாம் ஒருநாளும் விட்டுப் புறப்படாத இடத்துக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்?

வந்தவர்களைத் தாங்கும் பாரம் எவர் மேல் விழுந்தது? பர்மா சர்க்காரின் மேல் ஒரு செப்புக்காசும் விழவில்லை. 1960-களின் நடுவில் இந்தியாவே உணவுத் தட்டுப்பாட்டில் தவித்துக் கொண்டிருந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து உலை வைத்த காலம் அது. அந்த நிலையில் சென்னை சர்க்கார் முகாம் போடவும், மனை கொடுக்கவும், கடன் கொடுக்கவும் வேண்டியிருந்தது. திருச்சி, மதுரை, காரைக்குடி எனப் பல ஊர்களில் பர்மா காலனி என்ற பெயரில் குடியிருப்புகள் எழுந்தன. 1969-ல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்கென்றே ரெப்கோ எனப்படும் கூட்டுறவு பாங்கி சென்னையில் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் சென்னைத் துறைமுகத்தை அடுத்துப் பர்மா பஜார் உருப்பெற்றது. சுங்கத்தாரிடம் மூக்குத்தியைப் பறிகொடுத்தவர்கள், வேறொரு சுங்கச் சாவடியின் நிழலிலேயே வெளிநாட்டுச் சாமான் விற்றுப் பிழைக்கத் தலைப்பட்டது சரித்திரத்தின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். அத்தோவும் மொய்ங்காவும் விற்கும் தள்ளுவண்டிகளை அப்பக்கத்தில் இன்றும் காணலாம். அவற்றைச் சென்னைப் பலகாரம் என்றே எண்ணி உண்ணும் இளைஞர் பலர்.

இன்னொரு கூட்டத்தின் கதை இதைவிட விசித்திரமானது. கப்பலில் வந்து இறங்கியவர்களில் சிலர் தமிழ் நாட்டில் பிழைக்க வழி காணாமல், நடந்தேனும் பர்மாவுக்கே திரும்பிவிடுவதென்று துணிந்து, வடகிழக்கு மூலையில் மணிப்பூர் எல்லைக்குச் சென்றனர். எதிரே தாமு என்னும் பர்மிய ஊர். 1942-ல் ஜப்பானியருக்கு அஞ்சி நான்கைந்து லட்சம் இந்தியர் பர்மாவிலிருந்து கால்நடையாய்ப் புறப்பட்டபோது, பல்லாயிரவர் வழியில் மடிய, உயிர் தப்பியோரில் பெருந்தொகையினர் இந்த வழியாகத்தான் வந்தனர். வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுத்தவருக்கு ஒரு பாதை என்று பிரித்துவிட்டதாக அன்று பெருங்குறை எழுந்ததும் இங்கேதான். இருபது சொச்சம் ஆண்டுகளுக்குப் பின் அதே வாசலில் எதிர்த் திசையாய் நின்ற தமிழரைப் பர்மியக் காவலர் உள்ளே விடவில்லை. திரும்பிப் போகவும் மனமில்லாதவர்கள் எல்லையின் இப்புறத்தில் மோரே என்ற இடத்தில் குடிசை போட்டனர். கோயில் எழுந்தது, தமிழ்ச் சங்கம் எழுந்தது, எல்லை வியாபாரம் வளர்ந்தது. 2023 மே மாதம் மணிப்பூரில் கலகம் மூண்டபோது அதில் மோரேயும் சிக்கிற்று. இரங்கூனில் 1964-ல் மூடிய கதவின் அதிர்ச்சி ஐம்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த ஊரை விட்டபாடில்லை.

அதே 1964-ல் அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கை மலைநாட்டுத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. இலங்கையில் அப்போது தேர்தலும் பாராளுமன்றமும் ஒழுங்காய் நடந்தன. ஆகவே குடிகளைத் தள்ளிவிடும் தொழில் சர்வாதிகாரிகளுக்கே உரியதென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் வேற்றுமை ஒன்றுண்டு. இலங்கையில் ஒப்பந்தம் பேச வேண்டியிருந்தது, தொகை குறிக்க வேண்டியிருந்தது, மலைநாட்டுத் தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்துக் கூட்டம் போடவும் முடிந்தது. பர்மாவில் ஒரு நோட்டுச் செல்லாமற் போனதே போதுமாயிருந்தது.

சோற்று விஷயத்தையும் சொல்ல வேண்டும். உலக யுத்தத்துக்கு முன் பர்மா ஆண்டுதோறும் முப்பது லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டன்மார் உண்ட சோறு பெரிதும் இரங்கூன் அரிசிச் சோறு. நெல் வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக் கொண்ட நெவின் ஆட்சி, குடியானவனுக்குக் கொடுத்த விலை உழவுக்கூலிக்கும் போதாததாக இருந்தது. அவன் தன் வயிற்றுக்கு மட்டும் விளைவித்தான், மிஞ்சியதைப் பதுக்கினான். 1960-களின் இறுதியில் ஏற்றுமதி பத்து லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. நாமும் சயாம் அரிசிக்குப் பழகிக் கொண்டோம். 1987-ல் அதே நெவின் இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து கியாட் நோட்டுகளை ஒரு காசும் ஈடு கொடாமல் ஒழித்துவிட்டு, நாற்பத்தைந்து, தொண்ணூறு கியாட் நோட்டுகளை வெளியிட்டார். ஒன்பது அவருக்கு இராசியான எண்ணாம்! மூடநம்பிக்கை தனி மனிதனிடம் இருந்தால் அவன் குடும்பம் கெடும். எதிர்த்துக் கேட்பாரில்லாத ஆளுவோனிடம் இருந்தால் ஒரு தேசத்தின் சேமிப்பே போய்விடும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நாடே கொதித்தெழுந்ததும், செப்டம்பர் 18-ல் இராணுவம் மீண்டும் சுட்டு அமர்த்தியதும், 1990 தேர்தலில் 485 இடங்களில் 392-ஐ ஆங் சான் சூசியின் கட்சி வென்றும் ஆட்சி கிட்டாததும் யாவரும் அறிந்தவை.

இனி நம் கரைக்கு வருவோம்.

1982-ல் நெவின் ஆட்சி ஒரு பிரஜாவுரிமைச் சட்டம் இயற்றிற்று. 1823-க்கு முன்னர் நாட்டில் வேரூன்றியிருந்த இனங்களே முழுப் பிரஜைகள். மற்றையோர் இரண்டாந்தர, மூன்றாந்தரப் பிரஜைகள், அதற்கும் பத்திரம் வேண்டும். அரக்கானத்து முஸ்லிம்களான ரோஹிங்கியா மக்கள் இச்சட்டத்தால் எந்தத் தரத்திலும் சேராதவராயினர். 1978-லேயே இரண்டு லட்சம் பேர் வங்காள தேசத்துக்கு விரட்டப்பட்டிருந்தனர். 1991-92-ல் மேலும் இரண்டரை லட்சம். 2017 ஆகஸ்ட் 25-க்குப் பின் சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்துக்கு மேல். வெள்ளத்திலும் வறுமையிலும் உழலும் வங்காள தேசம் இன்று பத்து லட்சம் பேரளவில் தாங்கி நிற்கிறது. சயாம் எல்லையில் கரேன் மக்களின் முகாம்கள் 1984 முதல் இருந்து வருகின்றன. 2021-க்குப் பின் இந்தியாவின் மிசோரம் மாகாணத்துக்குச் சின் மக்கள் பல்லாயிரவர் வந்தனர். பர்மாவுக்கு அண்டையிலுள்ள நாடுகளில் இப்பாரம் படாத நாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மலேசியாவுக்கும் பர்மாவுக்கும் பொதுவான நில எல்லை இல்லை. இடையில் சயாமும் அந்தமான் கடலும் உள்ளன. அந்தக் கடல் காப்பாற்றும் என்று எண்ணியவர் ஏமாந்தனர். 1997 ஜூலையில் பர்மாவைத் தென்கிழக்காசியச் சங்கத்தில் சேர்த்தபோது கூட்டம் நடந்தது நம் நாட்டில். முன்னின்று வற்புறுத்தியவர் நம் பிரதமர் மகாதீர். உறவாடி நெருங்கினால் தளபதிகள் மனம் இளகும் என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். தளபதிகள் இளகவில்லை, தோணிகள் வந்தன. 2015 மே மாதத்தில் பெர்லிசில் வாங் கெலியான் மலைக்காட்டுக்குள் ஆள் கடத்துவோரின் 28 கூடாரங்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. பர்மாவில் ஒரு சட்டத்தால் பெயர் நீக்கப்பட்ட மனிதர், பெயரில்லாமலேயே மலேசிய மண்ணில் புதைக்கப்பட்டுக் கிடந்தனர். இதை எந்த நாட்டின் உள்விவகாரம் என்று சொல்லுவது?

2024 இறுதியில் ஐக்கிய நாடுகளின் அகதிகள் காரியாலயம் மலேசியாவில் பதிந்திருந்தோர் ஏறத்தாழ 1,90,000. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பர்மாவிலிருந்து வந்தவர்கள், பாதிக்கு மேற்பட்டோர் ரோஹிங்கியா. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. 1959-63-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்துக்கு அகதி என்றொரு வகையே தெரியாது. பத்திரமின்றி நுழைந்தவன் குற்றவாளி, அவனுக்குச் சிறையும் பிரம்படியும் உண்டு. அகதி அட்டை கையிலிருந்தாலும் சட்டப்படி வேலை செய்யும் உரிமை அதனோடு வரவில்லை. எங்கள் ஜொகூரிலேயே பொந்தியானுக்கு அடுத்த பெக்கான் நெனாசில் குடிநுழைவுத் தடுப்பு முகாம் ஒன்றுண்டு. அதைச் சுற்றி அன்னாசித் தோட்டங்கள். பழம் வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த வேலிக்குள் இருப்பவர் யார் என்று தெரியும்?

தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கும் நம் போன்றவர்களுக்கு இதில் ஒரு நுட்பம் தெரியும். செக்ரோலில் பெயர் ஏற வேண்டுமானால் பாஸ்போர்ட்டு வேண்டும், பெர்மிட்டு வேண்டும். அவையில்லாதவன் பெயர் ஏறாது. ஆனால் ஆள் பற்றாக்குறையான மாதங்களில் காண்டிராக்டர் கொண்டுவரும் கூட்டத்தில் அவன் கை இருக்கும். பெயர் மாத்திரம் இராது. பெயரில்லாத கைக்குக் கூலியைக் குறைத்தால் கேட்பாரில்லை, அடிபட்டால் நஷ்டஈடில்லை. அந்தக் குறைந்த கூலி, பக்கத்தில் நின்று வெட்டும் பத்திரமுள்ள தொழிலாளியின் கூலியையும் கீழே இழுக்கும். எந்தத் தளபதி பிறப்பித்த உத்தரவோ, அது கடல் கடந்து வந்து ஜொகூர் செம்பனைத் தோட்டத்தில் ஒரு குலைக்கு என்ன கூலி என்பதை நிர்ணயிக்கும் விதம் இதுதான்.

நம் தமிழர்களிடத்தில் ஒரு பேச்சு எழுகிறது. அதை மறைத்துப் பயனில்லை. 2020-ல் கொள்ளைநோய்க் காலத்தில் இவ்வகதிகள் மேல் நாடெங்கும் ஒரு வெறுப்பு அலை எழுந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் இருநூறு பேரோடு லங்காவிப் பக்கம் வந்த தோணியைக் கடற்படை திருப்பி விரட்டியபோது கைகொட்டியவர் பலர். அவர்களில் நம்மவரும் இருந்தனர். வந்தேறிகள் என்று அவர்கள் சொன்ன சொல், நம் மேல் எறியப்பட்ட சொல். 1969-க்குப் பின் பிரஜாவுரிமைப் பத்திரமில்லாத தோட்டத் தொழிலாளருக்கு வேலைப் பெர்மிட்டு வேண்டுமென்று விதி வந்தபோது, இந்நாட்டு இரப்பர் மரத்தைத் தவிர வேறொன்றும் அறியாத தமிழர் ஏறத்தாழ 60,000 பேர் கப்பலேறியதாகக் கணக்கிடுவோர் உண்டு. சிவப்பு அடையாளக் கார்டோடு மாண்ட கிழவர்களை நம் தோட்டங்கள் நேற்றுவரை கண்டன. கார்டின் நிறத்துக்கும் மனிதனின் மதிப்புக்கும் சம்பந்தம் உண்டென்று நம்புவது, ஜாதியை நம்புவதற்கு எவ்வளவு தூரம்? பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லையென்று மேடையேறிப் பேசுகிறவர்கள், 1823-க்கு முன் பிறந்த பாட்டனைக் காட்டச் சொல்லும் பர்மியச் சட்டத்தை எதிர்க்க வேண்டியவர்கள் அல்லரா? அகதியைக் கண்டு முகஞ்சுளிப்பவர்கள் அந்தச் சட்டத்துக்குத் தெரியாமலேயே கைகொடுக்கின்றனர்.

எதிர்வாதமும் ஒன்றுண்டு, நியாயமானதே. ஒரு சிறு நாடு எத்தனை பேரைத் தாங்கும்? நம் மாநிலத்திலேயே மெர்சிங் கரைக்கு அப்பாலுள்ள தெங்கா தீவு 1970-களின் பிற்பகுதியில் வியட்நாமிய அகதிகளுக்கு முகாமாயிருந்தது. திரங்கானுவின் பீடோங் தீவு வழியாக மாத்திரம் இரண்டரை லட்சம் பேர் சென்றனர். அவர்களை அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பிரான்சும் ஏற்றுக்கொண்டதால் முகாம்கள் காலியாயின. தெங்கா தீவு இன்று உல்லாசப் பிரயாணிகள் தங்கும் இடம். ரோஹிங்கியாவை அவ்வளவு ஆர்வத்தோடு ஏற்க எந்தப் பணக்கார நாடும் முன்வரவில்லை. ஆகவே அண்டை நாட்டின் கோபம் நியாயமற்றதென்று சொல்லிவிட முடியாது. கோபம் போக வேண்டிய திக்கு எது என்பதே கேள்வி. தோணியிலிருப்பவன் மேல் கோபிப்பது சுலபம். தோணியேற வைத்தவன் சங்கத்தின் மாநாட்டில் பட்டுச் சட்டையணிந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

2021 பிப்ரவரி முதல் தேதி பர்மிய இராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பறித்தது. அதே மாதம் 23-ஆம் தேதி, பர்மியக் கடற்படையின் மூன்று கப்பல்கள் நம் லூமுட் துறைக்கு வந்து, 1,086 பேரை ஏற்றிச் சென்றன. கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அன்று காலையில் தடையுத்தரவு கொடுத்திருந்தது, கப்பல் நிற்கவில்லை. மூன்று வாரங்களுக்கு முன் தன் நாட்டு நீதியை மிதித்த அந்தப் படை, நம் நாட்டு நீதிமன்றத்தின் உத்தரவும் மதிக்கப்படாமற் போவதற்குக் காரணமாயிற்று. அடக்குமுறை அகதிகளை மாத்திரம் அனுப்புவதில்லை. தன் பழக்கத்தையும் அனுப்புகிறது. ஏப்ரல் 24-ல் ஜக்கார்த்தாவில் கூடிய தலைவர்கள் ஐந்து அம்ச உடன்பாடு ஒன்றை எழுதினர். அதன் முதல் அம்சம் வன்செயலை உடனே நிறுத்துவது. எழுதிய மை உலருமுன்னரே துப்பாக்கிகள் மீண்டும் முழங்கின.

எல்லை நகரான மியாவடியைச் சுற்றி, இராணுவத்தோடு ஒட்டி வாழும் ஆயுதக் கும்பல்களின் நிழலில், தொலைபேசி மோசடிக் கோட்டைகள் எழுந்ததும் இதன் விளைவே. நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற மலேசிய இளைஞர் பலர் அங்கே சிக்கி அடிபட்டனர். அவர்கள் வாயாலேயே மலேசியக் கிழவர்களின் ஓய்வுப் பணத்தை ஏமாற்றிப் பறித்தனர். சட்டமில்லாத இடம் உலகில் எங்கிருந்தாலும் அதற்கு வாடகைக்கு ஆள் வருவான்.

2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவ சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வருவதாக அறிவித்தனர். பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயது வரையுள்ள ஆடவர், பதினெட்டு முதல் இருபத்தேழு வரையுள்ள பெண்டிர் இதற்கு உட்பட்டவர். எந்தப் பிரஜாவுரிமையும் இல்லையென்று ஒதுக்கிய ரோஹிங்கியா இளைஞர்களையும் அரக்கானத்தில் பிடித்துப் படையில் சேர்த்தனர். பிரஜையல்லாதவனுக்குப் பிரஜையின் கடமை மட்டும் உண்டு போலும். அறிவிப்பு வந்த சில நாட்களில் இரங்கூனிலுள்ள சயாம் தூதரகத்தின் வாசலிலும், மாண்டலேயில் பாஸ்போர்ட்டு ஆபீஸ் வாசலிலும் இளைஞர் கூட்டம் நெடுவரிசையில் நின்றது. பாஸ்போர்ட்டு கிடைக்காதவர்கள் மோயி ஆற்றைக் கடந்து மேசோட்டுக்குப் போகின்றனர். அங்கிருந்து தெற்கே சாலை வழியாக வந்தால் நம் எல்லை.